இயந்திரத்திற்கு நிய்யத் உண்டா?

நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் ஒரே வாயிலின் வழியாகத்தான் மாணவனை உள்ளே அழைத்துச் செல்கின்றன. அவ்வாயிலின் பெயர் தஹாரத், தூய்மை. தொழுகைக்கும் நோன்புக்கும் ஜகாத்துக்கும் முன்னதாகத் தண்ணீரைப் பற்றிய பாடம் வந்துவிடுகிறது. எந்தத் தண்ணீர் தானும் தூயதாயிருந்து பிறவற்றையும் தூய்மையாக்கும், எது தான் மட்டும் தூயது, எது நஜீஸ் என்று பிரித்துக் காட்டுவார்கள். ஷாஃபிஈ வீட்டுப் பிள்ளைகள் ‘குல்லத்தைன்’ அளவைக் கணக்கிடுவார்கள். ஹனஃபி வீட்டுப் பிள்ளைகள் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று ஹவுளின் அளவை மனனம் செய்வார்கள். மதுரையில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால் நாம் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்து வருகிறோம்.

இத்தனை ஆண்டுகளில் ஒன்றை மட்டும் நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒளுச் செய்த தண்ணீர் எங்கே போகிறது? ஒருமுறை பயன்பட்ட நீரைக் கொண்டு மறுமுறை ஒளுச் செய்யலாமா என்பது வரை பேசுகிறோம். அதற்கப்பால் அந்த நீர் ஒரு சிறு துளையின் வழியே இறங்கி மறைந்துவிடுகிறது. நம் பாடமும் அத்துளையருகே நின்றுவிடுகிறது.

அத்துளைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நாம் அறிய நேர்ந்த நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு நகரின் ஒரு மஹல்லாவில் நடந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு இரண்டு மணி நேரமே இருந்தது. பள்ளிவாசல் கழிப்பறையின் குழாய் அடைத்துக்கொண்டு, கழிவுநீர் வாசற்படி வரை வந்து நின்றது. யாரோ யாருக்கோ தொலைபேசியில் சொல்ல, ஒருவர் மூங்கில் பிளாச்சுடன் வந்து சேர்ந்தார். குத்திப் பார்த்தார், அடைப்பு எடுபடவில்லை. சட்டையைக் கழற்றி மதில் மேல் வைத்துவிட்டுக் குழிக்குள் மார்பளவு இறங்கினார். சுற்றி நின்ற நாம் கைலியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினோம். ஒரு துளி தெறித்தால் தொழுகைக்கு உடை மாற்ற வேண்டுமே என்பது ஒன்றே அப்போது நம் உள்ளத்தில் இருந்த கவலை.

அரைமணி நேரத்தில் அடைப்பு நீங்கியது. மேலே ஏறிய அவர் ஹவுளையடுத்த குழாயருகே கை கழுவப் போனார். “இங்க வேணாம்ப்பா, வெளிக் குழாய்ல கழுவிக்க” என்றது ஒரு குரல். அந்தக் குரல் நம்முடையது அன்று. ஆனால் அதை மறுத்துரைத்த குரலும் நம்முடையது அன்று. அன்றைய பயானை நாம்தான் செய்தோம். எதைப் பற்றிப் பேசினோம் என்பது இப்போது நினைவில் இல்லை.

அன்று அங்கே நடந்தது சட்டப்படியும் குற்றம் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் வந்த இன்னொரு சட்டம், போதிய பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைத் தண்டனைக்குரியதாக்கியது. அமர்த்துபவர் அரசாயினும் தனிமனிதராயினும் தண்டனைக்குரியவரே. 2014-இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் மாண்டவர்களின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கக் கட்டளையிட்டது; 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்தப்பட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே சாவு நின்றபாடில்லை என்பதை உணரலாம்.

வெகு தொலைவுக்குப் போக வேண்டாம். 2022 ஏப்ரலில் நம் மதுரை நேரு நகர்க் கழிவுநீர் உந்து நிலையத்தில் மோட்டாரைச் சீர்செய்யப் போன ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் மாண்டனர். இத்தகைய சாவுகளில் ஒருவர் விழ, அவரைத் தூக்கச் சென்றவரும் விழுவது ஏன் என்று பலரும் கேட்கின்றனர். கழிவு அழுகும்போது பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சுக்காற்று முதலில் அழுகிய முட்டையின் நாற்றமாக வெளிப்படும். அதன் செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவர் மறுமுறை மூச்சிழுக்கும்போது மயங்கி விழுகிறார். மேலே நிற்பவருக்கோ எந்த ஆபத்தும் தெரிவதில்லை. கூட வந்தவன் கிடப்பது மட்டுமே தெரிகிறது.

இதே வகையில் 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மூவர் இறந்தனர். இருவர் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர். மூன்றாமவர் பக்கத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஆட்டோ ஓட்டுநர். நம் சமுதாயத்து இளைஞர். அவ்விருவரின் பெயரும் ஊரும் அறியாதவர். கூச்சல் கேட்டு ஓடிவந்து இறங்கினார், திரும்பவில்லை. அவர் தம் கைலியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்வாங்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை நம் கண்முன் வந்து நிற்கிறது.

அந்தச் சாவுகள் வேறு சில இளைஞர்களின் உறக்கத்தையும் கெடுத்தன. மலப்புறம் மாவட்டம் குற்றிப்புறத்தில் எம்.இ.எஸ். பொறியியற் கல்லூரி இருக்கிறது. டாக்டர் பி.கே. அப்துல் கஃபூர் 1964-இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் கல்லூரி அது. அங்கே பயின்ற விமல் கோவிந்த், ராஷித், நிகில், அருண் ஜார்ஜ் என்னும் நால்வர் சேர்ந்து ‘ஜென்ரோபோட்டிக்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஆள் இறங்காமல் சாக்கடைக் குழியைத் துப்புரவு செய்யும் ஒரு ரோபோவை உருவாக்கினர். பெருச்சாளியைக் குறிக்கும் ‘பாண்டிகூட்’ என்பது அதற்கு இட்ட பெயர். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது பணியைத் தொடங்கியது. கும்பகோணத்திலும் கோயம்புத்தூரிலும் பிறகு பயன்பாட்டுக்கு வந்தது.

அதன் அமைப்பு சுவையானது. குழியின் வாய் மீது ஒரு சட்டகம் நிற்கும். அதிலிருந்து எட்டுக்காலி போன்ற ஓர் உறுப்பு கம்பியில் தொங்கிக் கீழே இறங்கி, கால்களை விரித்துக் குழியின் சுவரைப் பற்றிக்கொள்ளும். அதன் கை மண்ணையும் சகதியையும் வாரி வாளியில் இடும். வாளி மேலே வந்துவிடும். உள்ளே நச்சுக்காற்று உண்டா என்று கண்டறியும் கருவியும், நீரில் நனையாத காமிராவும் உண்டு. முன்னாளில் தாமே குழிக்குள் இறங்கியவர்களுக்குத்தான் இதை இயக்கும் பயிற்சி தரப்பட்டது. எந்தக் குழியில் என்ன கிடக்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? அவர்கள் இப்போது குழியின் ஓரத்தில் நின்று, திரையைப் பார்த்தபடி பொத்தானை அழுத்துகிறார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஊரின் அழுக்கை நீக்குவது யார்மீது கடமை? ஃபிக்ஹின் மொழியில் சொன்னால் அது பர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் இயலும் நிலையிலுள்ள அனைவரும் குற்றவாளிகள். ஜனாஸா தொழுகையை மட்டும் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இஹ்யாவில் அறிவைப் பற்றிய பகுதியில் உழவு, நெசவு முதலியவற்றையும், இரத்தம் குத்தியெடுக்கும் ஹிஜாமாத் தொழிலையும்கூட இவ்வகையில் சேர்த்தார்கள். மக்கள் தாழ்வாகக் கருதும் தொழில் என்பதற்காக அதை விலக்கவில்லை. ஊரில் வைத்தியர் இல்லாதிருக்க, எல்லாரும் ஃபிக்ஹு படிப்பதற்கே முண்டியடிப்பதையும் அவ்விடத்திலேயே கடிந்துரைத்தார்கள். ஃபிக்ஹு ஆசிரியரான நாம் அந்தப் பக்கத்தைச் சற்று வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும் என்றோம். அந்தச் சிலர் யார் என்பதில்தான் சிக்கல். ஜனாஸா தொழுகைக்கு நிற்பவர் தாமே முன்வந்து நிற்கிறார். சாக்கடைக்குள் இறங்குபவரை அவர் பிறப்பே அங்குத் தள்ளியிருக்கிறது. நம் பகுதியில் அவர்களுட் பெரும்பாலோர் அருந்ததியர். பிறப்பின் பெயரால் ஒருவன் தோள்மீது ஏற்றிய சுமையால் மற்றவர் கடமை நீங்கிவிட்டதெனச் சொல்ல நமக்கு நா எழவில்லை. இது பிறர் சமயத்துப் பிணி, நமக்கு இதில் பங்கில்லை என்று கூறித் தப்பவும் வழியில்லை. வட இந்தியாவில் துப்புரவுத் தொழிலையே குலத்தொழிலாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் உண்டு. அவர்களுக்கு ‘ஹலால்கோர்’ என்று பெயர். ஹலாலானதை உண்பவர் என்பது பொருள். துப்புரவாளரை இப்பெயரால் அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அக்பர் என்று அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார். பெயர் உயர்ந்தது, தலைமேலிருந்த கூடை இறங்கவில்லை.

இந்தக் கடமையை இயந்திரம் நிறைவேற்றினால் செல்லுமா? விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. செல்லும் என்பதற்கு நம் நூல்களிலேயே விடை இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் ஒளுவுக்கு நிய்யத் பர்ளு. ஹனஃபி மத்ஹபில் ஸுன்னத்து. ஆனால் துணியில் பட்ட நஜீஸை நீக்குவதற்கு இரு மத்ஹபிலும் நிய்யத் நிபந்தனையன்று. கொடியில் கிடந்த துணிமேல் மழை பெய்து அழுக்கு கரைந்தோடினால் துணி தூய்மையாகிவிடும். மழைக்கு நிய்யத் ஏது? துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பெண்கள் கேட்கும்போதும் இவ்வடிப்படையில்தான் விடை சொல்லுகிறோம். ஆகவே அழுக்கை நீக்கும் செயலை இரும்பின் கையில் ஒப்படைக்கலாம். அதனால் செயல் குறைபடாது.

எனினும் கடமை என்பது செயல் மட்டுமன்று. மார்க்கத்தின் ஏவல் விலக்கல்களுக்கு உட்பட்டவன் மனிதன். இயந்திரம் முகல்லஃப் அன்று. ஒரு நகரத்தார் இலட்சக் கணக்கில் செலவிட்டு ரோபோவை வாங்கி, திறப்பு விழாவில் படமும் எடுத்துக்கொண்டு, பிறகு பழுதுபார்க்க ஆளின்றிக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, இரவு நேரத்தில் பழையபடி மனிதனையே இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொட்டகையில் நிற்கும் இரும்பின்மேல் எந்தப் பாவமும் இல்லை. நிய்யத் இயந்திரத்திடம் இல்லாததால் அது முழுவதும் வாங்கியவரிடமே தங்கிவிடுகிறது. மனிதன் இறங்கிய காலத்தில் பழியில் ஒரு பகுதியை அவன் தலையிலேயே போட்டுவிட முடிந்தது: குடித்திருந்தான், கவசம் போடவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை. இரும்பின்மேல் எந்தப் பழியைப் போடுவது?

இங்கே அரபு மொழியின் ஒரு சொல் நமக்குத் துணை செய்கிறது. பொறிகளைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொல் ‘ஹீலா’. அதன் பன்மை ‘ஹியல்’. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மூஸாவின் மக்கள் மூவர் தம் பொறிகளைப் பற்றி எழுதிய நூலுக்கு இதுவே பெயர். ஆர்துகிய மன்னர்களிடம் தியார்பக்ரில் பணியாற்றிய அல்ஜஸரீ 1206-இல் முடித்த பெருநூலின் பெயரிலும் இச்சொல் இருக்கிறது. இதே சொல்லுக்கு ஃபிக்ஹில் வேறொரு பொருள் உண்டு என்பதை எல்லாரும் அறிவார்கள். ஜகாத் ஆண்டு நிறைவதற்கு முந்திய நாள் நகையை மனைவியின் பெயருக்கு மாற்றி, ஆண்டு கடந்தபின் திரும்பப் பெறுகிறானே, அவன் செய்வதும் ஹீலாதான். சுமையைத் தூக்கும் சூழ்ச்சிக்கும் சுமையிலிருந்து நழுவும் சூழ்ச்சிக்கும் அரபு மொழி ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது.

அல்ஜஸரீயின் நூலில் ஐம்பது பொறிகள் உள்ளன. யானைக் கடிகாரத்தின் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். நம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. ஒளுச் செய்யும்போது பணியாளனோ அடிமைப் பெண்ணோ தம் கையில் நீர் வார்ப்பதை மன்னர் விரும்பவில்லை. ஆகவே நீர் வார்க்க ஒரு பொறி செய்யுமாறு கேட்டுக்கொண்டார். குடுவை ஏந்திய பணியாள் உருவத்தில் அப்பொறி பிறந்தது. ஒளுவில் பிறர் உதவியை நாடாதிருப்பது நம் நூல்கள் சொல்லும் நல்லொழுக்கமே. இயந்திர மனிதனின் முன்னோடிகளுள் ஒன்று, இன்னொரு மனிதன் நமக்குக் குனிந்து நிற்க வேண்டாம் என்ற எண்ணத்திலிருந்து தோன்றியிருக்கிறது என்பது மகிழ்ச்சி தருவதன்றோ! அந்த மன்னரின் கழிப்பறையை யார் துப்புரவு செய்தார் என்று கேட்டுவிட்டால் மகிழ்ச்சி சற்றுக் குறையும். தூய நீர் வரும் பக்கத்துக்குப் பொறி வந்துவிட்டது. அழுக்கு நீர் போகும் பக்கத்துக்கு வர இன்னும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இயந்திரங்களின் பகைவர் எனக் கருதப்படும் காந்தியடிகளும் இவ்வழியிலேயே சிந்தித்தார். நம் மதுரையில்தான் 1921 செப்டம்பரில் அவர் மேலாடையைத் துறந்தார். 1924-இல் இராமச்சந்திரன் என்ற மாணவர், எல்லா இயந்திரங்களையும் வெறுக்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு அவர் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் கண்டு, அவள் மீதுள்ள அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் காட்டிய காரணம். கேள்வி கேட்ட அதே இராமச்சந்திரன்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரத்துடன் இணைந்து 1947-இல் சின்னாளப்பட்டிக்கருகே காந்திகிராமத்தை நிறுவியவர். சிங்கரின் வரலாற்றில் அன்பு எவ்வளவு, வாணிகம் எவ்வளவு என்று துருவ வேண்டியதில்லை. யாருடைய துன்பத்தைக் கண்டு இப்பொறி பிறந்தது என்று கேட்க வேண்டும் என்பதே காந்தியடிகளிடமிருந்து நாம் பெறத்தக்க பாடம்.

சின்னாளப்பட்டியின் பெயர் வந்ததும் ஒரு மறுப்பு எழக்கூடும். அது நியாயமான மறுப்பு. அங்கே வீடுதோறும் தறி இருந்தது. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் நம் சமுதாயத்தவரே தலைமுறை தலைமுறையாக நெய்தார்கள். பிறகு விசைத்தறி வந்தது. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாவும் ஊடும் கண்ணில் கலக்க நெய்தவர்களின் மக்கள் கடைகளுக்குக் கணக்கெழுதவும் கடல் கடக்கவும் புறப்பட்டார்கள். ‘இயந்திரம் வந்தால் பிழைப்புப் போகும் என்பதை எங்களிடம் கேளுங்கள்’ என்று அவர்கள் கூறினால் நம்மிடம் மறுமொழி இல்லை. சாக்கடைத் தொழிலாளியின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். நாற்றமடிக்கும் கூலியானாலும் அது கூலி.

நாம் இவ்விரண்டையும் ஒன்றாகக் காணவில்லை. தறிக்குழியிலிருந்து எழுந்தவன் தன் கைத்திறனை இழந்தான். தான் நெய்த சேலையைக் காட்டிப் பெருமை கொள்ளும் உரிமையை இழந்தான். சாக்கடைக் குழியிலிருந்து எழுபவன் இழப்பது கூலியை மட்டுமே. கூலியை வேறு வழியில் ஈடுசெய்ய முடியும். பெருமையை ஈடுசெய்யும் வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் முடியும் என்று எழுதுவது எளிது. முடித்துக் காட்டியவர் சிலரே. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு இராஜகோபால் குழுவினர் ‘ஹோமோசெப்’ என்னும் இயந்திரத்தை உருவாக்கினர். கழிவுநீர்த் தொட்டிக்குள் குடையைப் போல் விரியும் அலகுகள் சுழன்று, இறுகிய கசடைக் கரைத்துவிடும். பிறகு குழாய் வழியே உறிஞ்சிவிடலாம். 2022-இல் அதன் முதல் இரண்டு இயந்திரங்களை இத்தொழிலில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கிய சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். இயந்திரம் முதலாளியின் கைக்குப் போகவில்லை. யாருடைய வீட்டில் இழவு விழுந்ததோ அவர்கள் கைக்குப் போயிற்று. இவ்வொரு செய்தியை நாம் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தோம்.

இதைப் படித்த பிறகுதான் நம் உள்ளத்தில் வக்ஃபு என்ற எண்ணம் எழுந்தது. கிணறு வெட்டி விடுவது ஸதகா ஜாரியா என்று நம் மக்கள் நன்கு அறிவார்கள். மஹல்லாக்களில் முன்னோர் வெட்டிய கிணறுகளே சான்று. தண்ணீர் வரும் வழிக்கு வக்ஃபு செய்தவர்கள் போகும் வழிக்கு ஏன் செய்யலாகாது? அசையும் பொருளை வக்ஃபு செய்யலாமா என்ற ஐயம் எழலாம். பொருள் அழியாமல் பயன் தந்துகொண்டிருக்குமானால் ஷாஃபிஈ மத்ஹபில் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள், மக்கள் வழக்கத்தில் வந்துவிட்ட அசையும் பொருள்களை அனுமதித்தார்கள். இரண்டு மூன்று ஜமாஅத்துகள் சேர்ந்து ஓர் இயந்திரத்தை வாங்கி, இத்தொழிலில் உள்ளவர்களையே அதற்கு உரியவராக்கி, எந்தச் சமயத்தார் வீட்டில் அடைப்பு ஏற்பட்டாலும் அவர்கள் கூலி பெற்று வேலை செய்ய விடலாம். ஜகாத்துப் பணம் இதற்கு ஆகாது, ஸதகா ஆகும்.

அண்மையில் ஒரு ஜமாஅத்துக் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தோம். பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் பொருத்துவது பற்றிப் பேசக் கூடிய கூட்டம் அது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “ஹஜ்ரத், நல்ல விஷயந்தான். ஆனா அது கார்ப்பரேஷன் வேலையில்லையா?” என்றார். கார்ப்பரேஷனும் ஊரார்தாமே என்றோம். இன்னொருவர் விலையை விசாரித்தார். கடைசி வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து, இயந்திரம் வரும் வரை அந்த அண்ணனை உள்ளே இறக்குவதில்லை என்றாவது எழுதி வைக்கலாமே என்று கேட்டார். அவர் குறிப்பிட்டது அன்று வந்தவரைத்தான். அப்படியானால் அடுத்த முறை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று செயலாளர் கேட்டார். உறிஞ்சு வண்டியை வரவழைப்போம், அதுவரை கழிப்பறையைப் பூட்டி வைப்போம் என்றார் இளைஞர். வெள்ளிக்கிழமையிலா என்றது ஒரு குரல். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். குளிர்சாதனத்துக்கான தீர்மானம் நிறைவேறியது. மற்றது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.